பைபிள் ஏடும் எச்சில் குப்பியும்

அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களின் விதவைகளுக்கு ஓய்வூதிய விதியை 1836ல் தளர்த்தினார்கள். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி கேட்டது அரசாங்கம். பல ஊர்களில் பதிவேடே கிடையாது. கிழவிகள் யோசிக்கவில்லை. வீட்டுப் பைபிளில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே, பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் பெயர்களை எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்து, மனுவோடு சேர்த்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். கிழிந்த ஓரத்தோடு அந்தத் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள் பொக்கிஷம்தான். ஆனால் கைதேர்ந்தவர்கள் அதைக் கண்டதும் குதிக்கமாட்டார்கள். முதலில் மையைப் பார்ப்பார்கள். ஐம்பது வருஷத்துப் பிறப்புகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது என்று அர்த்தம். அடுத்து அந்தப் பைபிள் எந்த வருஷம் அச்சானது என்று கேட்பார்கள். 1820ல் அச்சான புத்தகத்தில் 1760ன் பிறந்தநாள் இருந்தால் அது பார்த்து எழுதியது ஆகாது, கேட்டு எழுதியது.

காலனி அமெரிக்காவரை குடும்பத்தைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை அங்கே பழையது. நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் 1845லேயே பாஸ்டனில் தொடங்கிவிட்டது. ஆசை வெறியானது அந்த நூற்றாண்டின் கடைசியில். இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் எனக் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. முன்னமே வந்தவர்களுக்கு, தாங்கள் முன்னமே வந்தவர்கள் என்று காட்டிக்கொள்ள ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. 1890ல் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கம், 1897ல் மேஃப்ளவர் வாரிசுகளின் சங்கம் என்று வரிசையாக முளைத்தன. உள்ளே நுழைய முன்னோர் பெயர்தான் சீட்டு.

மேஃப்ளவர் கப்பலில் 1620ல் வந்த பயணிகள் 102 பேர். அடுத்த வசந்தத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். நடுக்கடலில் புயலில் தூக்கி எறியப்பட்டு, தொங்கிய கயிற்றைப் பிடித்து உயிர் தப்பியவர் ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞர். அந்தக் கயிறு கைக்கு எட்டியிராவிட்டால் இரண்டு புஷ் ஜனாதிபதிகளும் இல்லை. அவருடைய வாரிசுகள்தான் அவர்கள்.

சான்றிதழுக்கு இவ்வளவு கிராக்கி இருந்தால் போலி வராமல் இருக்குமா? ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய குஸ்தாவ் ஆன்ஜூ அதைத் தொழிலாகவே நடத்தினார். பணக்காரக் குடும்பம் கேட்டால் போதும்; நியூ இங்கிலாந்தின் முதல் குடியேறியைக் கண்டுபிடித்து, அவரை இங்கிலாந்தின் ஏதோ ஒரு மாளிகையோடு முடிச்சுப் போட்டுவிடுவார். மேற்கோள் காட்டிய உயில்களில் சில இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. மனுஷர் 1942ல் போய்ச் சேர்ந்தார். அவர் கட்டிய வம்சங்கள் சாகவில்லை. ஒரு பொத்தானை அழுத்தி அடுத்தவர் குடும்ப மரத்தைத் தன்னுடையதோடு ஒட்டிக்கொள்ளும் வசதி இன்று வந்துவிட்டதால், அன்று சில புத்தகங்களில் கிடந்த பொய், ஆயிரக்கணக்கான கணினிகளில் குடித்தனம் செய்கிறது.

நாணயமாகத் தேடியவர்களுக்கும் வழி சுலபமாக இல்லை. நாள்காட்டியே குழி பறிக்கும். 1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் புது வருஷம் பிறந்தது மார்ச் 25ல். ஆகவே 1700 ஏப்ரலில் கல்யாணம், 1700 பிப்ரவரியில் குழந்தை என்று ஏடு சொன்னால் குடும்ப மானம் போய்விட்டதென்று பதற வேண்டாம். பத்து மாதம் கழித்துத்தான் பிள்ளை பிறந்திருக்கிறது.

இன்னொரு வித்தியாசம் இடத்தைப் பொறுத்தது. மாசசூசெட்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியவேண்டும் என்று 1639லேயே உத்தரவு. ஊர்க் குமாஸ்தாக்கள் எழுதினார்கள், ஏடுகள் பிழைத்தன. வர்ஜீனியா அப்படி இல்லை. நியூ கென்ட் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1787ல் ஜான் பிரைஸ் போசி என்பவர் அங்கே சிறைக்கும் குமாஸ்தா அலுவலகத்துக்கும் தீ வைத்தார். அதற்காக அவரைத் தூக்கில் போட்டார்கள், ஏடுகள் திரும்பி வரவில்லை. உள்நாட்டுப் போரில் ரிச்மண்ட் நகரம் 1865 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுன்ட்டிகள் அங்கே அனுப்பி வைத்திருந்த ஏடுகளும் சாம்பலாயின. ‘எரிந்துபோன கவுன்ட்டி’ என்பது இத்துறையில் அன்றாடம் புழங்கும் பெயர்.

எரியாமல் மிஞ்சியவற்றிலும் யார் பெயர் இருக்கும்? நிலம் வைத்திருந்தவர் பெயர். வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கப்பல் செலவு கொடுத்து அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கேட்கலாம். அதற்காகவே அழைத்து வந்தவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். 1635ல் ஜார்ஜ் மெனஃபி என்ற பெரும்புள்ளி கொடுத்த பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர் வருகிறது. அவ்வளவுதான், ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் ஆளாக இருக்கலாமே என்று மனம் ஆசைப்படும். இந்த ஆசைதான் ஆன்ஜூவின் பிழைப்பு.

தேடலைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவர்கள் மார்மன்கள் என்ற மதச் சபையினர். இறந்துபோன முன்னோருக்கும் ஞானஸ்நானம் செய்துவைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர் வேண்டும், பெயருக்குப் பதிவேடு வேண்டும். 1938 முதல் ஊர் ஊராகப் போய் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். சுருள்களை வைக்க யூட்டாவில் சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்து மலையைக் குடைந்து கருங்கல் பெட்டகம் கட்டினார்கள். உங்கள் ஊர்க் கிளையில் பணம் கட்டி ஒரு சுருளுக்குச் சொல்லி வைத்தால், சில வாரங்களில் அது வந்து சேரும். இருட்டறையில் கருவிமுன் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றவேண்டும். பக்கங்கள் ஓடும், தலை சுற்றும்; மங்கிய ஒளியில் பதினேழாம் நூற்றாண்டுக் குமாஸ்தாவின் கோணல் எழுத்து. சுருள் முடியும்போதுதான், தேவையான கவுன்ட்டி அடுத்த சுருளில் இருப்பது தெரியும். திரும்பவும் பணம், திரும்பவும் காத்திருப்பு. 2017 செப்டம்பரில் சுருள் அனுப்புவதை நிறுத்தினார்கள். 24 லட்சம் சுருள்களையும் கணினிக்கு மாற்றும் வேலை 2021ல் முடிந்தது.

இதெல்லாம் சாதனம் மாறிய கதை. யாருக்காகத் தேடினார்கள் என்பது மாறியது 1976ல்.

அந்த வருஷம் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ புத்தகம் வந்தது. மறு ஜனவரியில் தொலைக்காட்சியில் எட்டு இரவுகள் ஓடி நாட்டையே வீட்டில் உட்காரவைத்தது. 1767ல் அனாபொலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் குன்டா கின்டேதான் தன் மூதாதை, வர்ஜீனியாவின் வாலர் குடும்பத்து அடிமை டோபி அவரேதான் என்றார் ஹேலி. அதுவரை கறுப்பின மக்கள் இந்த ஆட்டத்திலேயே இல்லை. 1870 மக்கள்தொகைக் கணக்கில்தான் விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். 1850லும் 1860லும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவே. அந்தச் சுவரைத் தாண்டி ஒருவர் காலனிக் காலம்வரை போய்விட்டார் என்றதும் நூலகங்களில் கூட்டம் அலைமோதியது. 1977ல் ‘புரட்சியின் மகள்கள்’ சங்கமும் கறுப்பினத்தவர் என்று தெரிந்தே ஒரு பெண்ணை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கத்தைத் தர மறுத்து 1939ல் அவமானப்பட்ட அதே சங்கம்.

1981ல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற தம்பதி வாலர் குடும்பத்து ஆவணங்களை வரிவரியாகப் படித்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் கப்பல் வருவதற்கு முன்பிருந்தே டோபி அந்த வீட்டில் இருந்திருக்கிறார். ஆகவே அவர் குன்டா கின்டேயாக இருக்க முடியாது என்றார்கள். ஹேலி மீது பலருக்குக் கோபம். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. அவரைப் படித்துவிட்டுச் சுருள் சுற்றக் கிளம்பியவர்கள், அவரைவிட நன்றாகத் தேடக் கற்றுக்கொண்டார்கள்.

இதே எலிசபெத் மில்ஸ் பெயர் முப்பது வருஷம் கழித்து இன்னொரு குடும்பத்தின் கதையில் வருகிறது. இந்த முறை ஆமோதிக்கிற இடத்தில்.

1640ல் வர்ஜீனியாவில் ஹியூ க்வின் என்பவரிடம் வேலைபார்த்த மூன்று பேர் மேரிலாண்டுக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர் விக்டர், இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிரெகரி, மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். மூவருக்கும் தலா 30 சவுக்கடி. வெள்ளையர் இருவருக்கும் கூடுதலாக நான்கு வருஷ வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு. ஒரு மனிதனை வாழ்நாள் அடிமையாக்கிய முதல் நீதிமன்றப் பதிவாகப் பல வரலாற்றாசிரியர்கள் இதைக் காட்டுவார்கள். அவர் ஓடாமல் இருந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திராது.

2012 ஜூலையில் ஒரு வம்சாவளி நிறுவனம் அறிவித்தது: ஜனாதிபதி ஒபாமா இந்த ஜான் பஞ்சின் வழிவந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் கென்யாக்காரத் தகப்பன் வழியில் இல்லை, கான்சாஸில் பிறந்த வெள்ளைக்காரத் தாய் வழியில்! தாயின் முன்னோரில் வர்ஜீனியாவின் பஞ்ச் குடும்பம் உண்டு. (ஜான் பஞ்சின் பெயருக்கும் இந்தக் குடும்பப் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்துதான் வேறு, காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்களுக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை.) 1660களில் நியூ கென்ட் பகுதியில் நிலம் வாங்கியிருக்கிறார் இந்தக் குடும்பத்து ஜான் ஒருவர். 1662ல் வந்த சட்டப்படி குழந்தை அடிமையா சுதந்திரமா என்பது தாயைப் பொறுத்தது. இந்தக் கணிப்பின்படி, ஜான் பஞ்சுக்கும் ஒரு சுதந்திர வெள்ளைத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் சுதந்திரர்களாக வளர்ந்து, நிலம் வாங்கி, மணந்து, சில தலைமுறைகளில் வெள்ளையராகவே எழுதப்பட்டார்கள். 1705ல் இந்தக் குடும்பத்து ஒருவருக்கும் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கும் கல்யாண ஓலை வாசிக்கப் பாதிரியார் மறுத்து, விவகாரம் ஆளுநர் சபைவரை போனது. சட்டச் சிக்கல் வந்ததால்தான் இதுவும் ஏட்டில் ஏறியது.

ஆனால் ‘இன்னார் ஜான் பஞ்சின் மகன்’ என்று சொல்லும் தாள் ஒன்றுகூட இல்லை. போசி வைத்த தீ நினைவிருக்கட்டும். அந்த இடைவெளியை நிரப்பியது எச்சில் குப்பி, அதாவது மரபணுச் சோதனை. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை, அந்தப் பெயர் தாங்கிய இன்றைய ஆண்கள் சிலரிடம் சோதித்தபோது, அது சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க வகையாக இருந்தது. கண்ணாடியில் வெள்ளையராகத் தெரிகிறவர்கள் அவர்கள். ஆவணங்களையும் சோதனையையும் சேர்த்துப் பார்த்த மில்ஸ், முடிவு நியாயமானதே என்றார். டோபியைத் தள்ளியவர் ஜான் பஞ்சை ஏற்றுக்கொண்டார். இரண்டு முறையும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த ஆள்தான் அந்த ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்?

  

எச்சில் குப்பிக்கும் எல்லை உண்டு. ஒரு முன்னோரிடமிருந்து வரும் மரபணுப் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். பத்துத் தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து ஒரு துளிகூட நம் உடம்பில் வந்திருக்காது. ஏட்டில் பாட்டி, இரத்தத்தில் இல்லை. விளம்பரங்கள் காட்டும் வண்ண வட்டப்படத்தை நம்பி எள்ளுத்தாத்தாவின் ஊரைச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இருந்தும், ஏடே இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை செய்த வேலையை வேறு எதுவும் செய்திருக்காது. மேரிலாண்டின் கேடக்டின் இரும்பு உலை 1776ல் எரியத் தொடங்கியது. புரட்சிப் படைக்குக் குண்டுகள் வார்த்த இடம். வேலை செய்தவர்களில் அடிமைகள் பலர். 1970களின் இறுதியில் நெடுஞ்சாலை போட வந்தபோது, அவர்களின் பெயரில்லாக் கல்லறைகள் தோண்டப்பட்டன. 27 பேரின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து, தனியார் சோதனை செய்துகொண்டவர்களின் தொகுப்போடு ஒப்பிட்ட முடிவு 2023ல் வெளியானது. உயிரோடிருக்கும் உறவினர் 41,799 பேர். ஆன்ஜூ எத்தனை பணம் வாங்கினாலும் எழுதித் தந்திருக்கமாட்டார் இப்படியொரு வம்சாவளியை.

அந்தத் தொகுப்பை வைத்திருந்த 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. வேண்டுமானால் உங்கள் தகவலை அழித்துக்கொள்ளுங்கள் என்று கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் மக்களை எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கைதான். பைபிள் பக்கம் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் அது அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. எச்சில் போய்ச் சேர்ந்தது கம்பெனியிடம்.

ஆகவே பழைய ஆட்கள் மறுபடி ஏட்டுக்கே திரும்புகிறார்கள், புதுக் கண்ணோடு. 2024ல் மார்மன்களின் தளம் கையெழுத்தை இயந்திரமே படித்துக்காட்டும் தேடலைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டவற்றில் அமெரிக்க நிலப்பத்திரங்களும் உயில்களும் இருந்தன. அதுவரை அட்டவணையில் விற்றவர், வாங்கியவர், உயில் எழுதியவர் பெயர்தான் வரும். இப்போது உயிலின் வயிற்றுக்குள்ளேயே தேடலாம். இறகுமெத்தை, சிவப்புப் பசு, செப்புக் கெட்டில் என்று எழுதிக்கொண்டே போகிற வரியில், ‘என் மகளுக்கு’ என்று விட்டுச்சென்ற ஓர் அடிமைச் சிறுமியின் பெயர் அகப்படும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, மகளைக் கட்டிய மருமகன் எந்தக் கவுன்ட்டிக்குக் குடிபோனார் என்று அடுத்த ஏட்டைத் திறக்கவேண்டும். எரிந்துபோன நியூ கென்ட்டின் ஆட்களைக்கூட இப்படித்தான், அவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட, கடன் பட்ட, எல்லைச் சண்டை போட்ட பக்கத்துக் கவுன்ட்டிகளின் ஏடுகளில் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.