காடு காத்தலும் அதன் செலவும்

ஓராண்டில் எவ்வளவு மரம் வளர்கின்றதோ அவ்வளவே அவ்வாண்டில் வெட்டுதல் வேண்டும் என்பது நிலைபேறான வனவியலின் முதல் விதி. சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரியாகிய கார்லோவிட்ஸ் என்பார், உருக்குலைகளுக்கு விறகு அருகிய காலத்தில், 1713ஆம் ஆண்டு இக்கருத்தை நூலாக வெளியிட்டார். காட்டின்மீது கொண்ட அன்பினும் முடைப்பாடே இக்கொள்கையை ஈன்றது எனலாம்.

விதி எளிது. ஆயின் இன்று வெட்டாது விடும் மரத்தின் விலையை யாரோ ஒருவர் இழத்தல் வேண்டுமே, அவர் யார்? ஐக்கிய அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், 1990இல் புள்ளி ஆந்தை காக்கப்படவேண்டிய இனமாக அறிவிக்கப்பட்டபின், அரச காடுகளில் மரம் வெட்டுதல் பெரிதும் குறைந்தது. மர ஆலைகளை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் அவ்விழப்பிற் பெரும்பங்கைச் சுமந்தன. அந்நாட்டின் கீழ்ப்புறத்திலோ நிகழ்ந்தது வேறு. நியூயோர்க் நகரம், நீரை வடிகட்டும் பேராலை கட்டுவதிலும், நீர் பிறக்கும் மலைக்காட்டையும் பண்ணைகளையும் பேணுவது மலிவு எனக் கண்டு, 1997இல் மேனிலத்தாரோடு உடன்பாடு செய்து பொருள் வழங்கலாயிற்று. பயன் பெறுவோரே செலவேற்றனர்.

நம் நாட்டில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுதல் 1990இல் தடைசெய்யப்பட்டது. வீட்டுத் தோட்டங்களும் முதிர்ந்த இறப்பர் மரங்களும் தேக்கந்தோட்டங்களும் இறக்குமதியும் அதன்பின் மரத்தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றலாயின.

வன்னிக்கு இவ்வினா மிக அண்மையது. பாலை, முதிரை, வீரை, கருங்காலி செறிந்த நம் உலர்வலயக் காடு மெல்லவே வளர்வது. வெட்டியவன் அதன் மறுவளர்ச்சியைக் காணான். அக்காட்டினூடே வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. காடும் தன் பங்குக்கு நீர் உண்ணும் என்பதை மறைத்தல் தகாது. எனினும் அது மண்ணரிப்பைத் தடுக்கின்றது. அஃது அழியின் வண்டல் படிந்து குளத்தின் கொள்ளளவு சுருங்கும். இதனாற் பயன் பெறுவோர் கிளிநொச்சி வயற்காரர். விறகையும் கூரைமரத்தையும் சேனை நிலத்தையும் துறக்கவேண்டியவர் மேற்புறத்துக் காட்டோர மக்கள். 2009இன் பின் மீளக்குடியமர்ந்தோருக்கு வீடுகட்ட மரம் எத்துணை இன்றியமையாததாயிற்று என்பதை யாவரும் அறிவர். அவர்களைத் தண்டத்தால் மட்டும் தடுத்துவிடலாம் எனக் கருதுதல் நேரிதன்று.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது எனத் தீர்மானிக்கும் கூட்டத்தில், மேற்புறத்து ஊர்களுக்கு வேம்பும் தேக்கும் கொண்ட விறகுத்தோப்பு அமைக்க ஏக்கருக்கு ஒரு சிறுதொகை ஒதுக்குவதையும் ஆராயலாம். அத்தொகையை எவ்வளவாக வகுப்பது, எவரிடம் ஒப்படைப்பது என்பவற்றை அக்கமக்காரரே முடிவுசெய்யலாம்.