அடியில் நிற்கும் நாதம்

ஒரு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அதன் வாசலைப் பார்ப்பார்கள், மாடத்தைப் பார்ப்பார்கள், சுவரின் வண்ணத்தைப் புகழ்வார்கள். அதன் கடைக்கால் எத்தனை அடி ஆழம் என்று கேட்பவர் அரியர். கடைக்கால் சரியில்லாத போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நமக்கு நினைவுக்கு வருகிறது. இசையிலும் இத்தகைய கடைக்கால் ஒன்று உண்டு. திரைப்பாடல்களில் அந்தப் பணியைப் பெரும்பாலும் செய்து வருவது பேஸ் கிதார் என்னும் வாத்தியம். அது என்ன, அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, ஹைதராபாத் போன்ற ஊரில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

நம் கர்நாடக சங்கீதத்தில் கீழே நின்று தாங்கும் நாதம் தம்புராவினுடையது. நாகசுரத்திற்கு ஒத்து அந்தப் பணியைச் செய்கிறது. இவ்விரண்டும் அசையாமல் ஒரே சுருதியில் நிற்பவை. பாடகர் எந்த இராகத்தில் எத்தனை தூரம் சென்றாலும் திரும்பி வந்து நிற்கும் நிலம் அது. பேஸ் கிதாரின் பணி வேறு. மேலே பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவற்றுக்கு அடிப்படையான சுரம் எது என்பதை அது சொல்லிக்கொண்டே வருகிறது. பாட்டின் போக்கு மாறினால் அதுவும் மாறுகிறது. அதே நேரத்தில் தாளத்தோடும் கைகோத்துக்கொள்கிறது. சுருதிக்கும் தாளத்திற்கும் இடையே நிற்கும் பாலம் என்று அதைச் சொன்னால் பிழையாகாது.

அதன் ஒலி எவ்வளவு கீழே இருக்கிறது? வழக்கமான பேஸ் கிதாருக்கு நான்கு தந்திகள். கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டுவர். மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 131 அதிர்வுகள். அந்தக் கணக்கில் இந்தத் தந்தியின் ஒலி மந்தர ஸ்தாயியையும் தாண்டி, அநுமந்தர ஸ்தாயியின் காந்தாரத்தில் போய் நிற்கிறது. மனிதக் குரல் எளிதில் எட்டாத ஆழம் அது.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கையளவு வானொலிப் பெட்டியின் சிறிய ஸ்பீக்கர் இத்தனை தாழ்ந்த ஒலியை எழுப்ப வல்லதன்று. அப்படியிருக்க, அந்தப் பெட்டியில் பேஸ் கிதார் நம் காதுக்கு எட்டுவது எப்படி? ஒரு தந்தி 41 முறை அதிரும்போது, அதனுடன் 82, 123, 164 என்ற மடங்குகளில் மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. பெட்டி இவற்றுள் மேலானவற்றை மட்டுமே நம்மிடம் சேர்க்கிறது. நம் மூளையோ அவற்றின் இடைவெளியைக் கொண்டு, வராத அடிச்சுரத்தையும் வந்ததாகவே உணர்ந்துகொள்கிறது. நெற்றியையும் கண்ணையும் மட்டும் கண்டே நண்பரை அடையாளம் தெரிந்துகொள்வது போன்றது இது.

இந்த வாத்தியம் பிறந்த கதையிலும் வானொலிக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் என்பவர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றை நடத்தி வந்தார். அக்காலத்தில் இசைக்குழுக்களில் அடிநாதம் தந்தது டபுள் பேஸ் என்னும் ஆள் உயர வாத்தியம். அதைத் தூக்கிச் செல்வது கடினம். மற்ற வாத்தியங்களின் முழக்கத்தில் அதன் ஒலி அமுங்கிவிடும். மெட்டுகள் இல்லாமையால் சுரத்தானம் தவறுவதும் எளிது. 1951-இல் ஃபெண்டர் வெளியிட்ட மின்சார பேஸ் கிதார் இம்மூன்று குறைகளையும் தீர்த்தது. மெட்டுகளின் உதவியால் சுரம் துல்லியமாக விழும் என்பதால் அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார். 1960-இல் இன்னும் ஒல்லியான தண்டியுடன் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடைகளில் காணும் பேஸ் கிதார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழித்தோன்றல்களே.

தமிழ்த் திரையிசையில் இது தனக்கென ஒரு குரலைப் பெற்றது, 1976-இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் காலத்தில்தான் எனலாம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற அவர், பேஸ் கிதாருக்கு வெறும் தாங்கு சுரத்தைத் தந்து நிறுத்தவில்லை. மேலே பாடகர் ஒரு மெட்டைப் பாட, கீழே வேறொரு மெட்டு தன் வழியே நடந்து, இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்படி அமைத்தார். அவருடைய குழுவில் சசிதரன் அந்தப் பகுதிகளை வாசித்தவர். பின்னர் ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸ் இந்த வாத்தியத்தால் பெயர் பெற்றார். மும்பையைச் சேர்ந்த மோகினி டே இளம் வயதிலேயே உலக மேடைகளில் இதை வாசிக்கிறார். ஆகவே இது ஆடவர்க்கே உரிய வாத்தியம் என்ற எண்ணம் வேண்டாம்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். இதில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்வது பயன்படும்.

செகந்தராபாத்தில் என் மகன் பள்ளி இறுதி வகுப்பில் பயிலும்போது, பேஸ் கிதார் வேண்டுமென்று கேட்டான். அவனுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். வீட்டில் தமிழ்ப் பாட்டு வைத்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவான். மனமில்லாமலே, ஒருவர் பயன்படுத்தி விற்ற வாத்தியம் ஒன்றை, விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவன் விரல்களில் கொப்புளம். மூன்றாவது மாதத்தில் வாத்தியம் அலமாரியின் மேலே போயிற்று. “எதையும் தொடங்குவாய், எதையும் முடிக்க மாட்டாய்” என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து, விற்றுவிடும் எண்ணத்துடன் அதைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பரம்பரையாகச் செகந்தராபாத்தில் வாழும் தமிழர். வாத்தியத்தைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தண்டியின் நீளத்தைப் பார்த்தார். “தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐயா. தண்டி வில்லாக வளைந்திருக்கிறது. இதில் நான் வாசித்தாலும் விரல் கிழியும்” என்றார். வாத்தியத்தைச் சோதிக்க வேண்டியவன் நான். சோதனை முழுவதும் பையன் தலையில் விழுந்திருந்தது.

அன்று அவரிடம் கற்றுக்கொண்டவற்றையே உங்களுக்குச் சொல்கிறேன். பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து தண்டியை இழுக்கும் விசை சுமார் 75 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் எப்போதும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். இந்த இழுப்பை எதிர்த்து நிற்கவே தண்டிக்குள் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டின் அருகே, தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு முகவரிச் சீட்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட மிகுதியானால் தண்டி வளைந்திருக்கிறது. பன்னிரண்டாம் மெட்டில் தடித்த தந்தியின் உயரம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாம். எங்கள் வாத்தியத்தில் அது ஐந்துக்கு மேல் இருந்தது. அவர் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகி, சற்றுப் பொறுத்துப் பார்த்து, மீண்டும் கால் சுற்றுத் திருகினார். பின்பு குதிரையைத் தாழ்த்தினார். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் கம்பி அறுந்துபோகலாம். ஆகையால் பழகாதவர்கள் இதில் கைவைக்க வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய மற்றச் சோதனைகள் எளியவை. நான்கு தந்திகளிலும் எல்லா மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் ஒலி செத்து விழுந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை அழுத்தாமல் இலேசாகத் தொட்டு மீட்டிய ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டிய ஒலியும் ஒரே சுருதியில் இணைய வேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வரக்கூடாது. வாரை மாட்டிக் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மூன்றரை முதல் நான்கரை கிலோ எடையைத் தோள் பொறுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வழக்கமான பேஸ் கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சிறுவர்க்கும் சிறிய கையுடையவர்க்கும் 30 அங்குல வகை எளிது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய, வயலின் வடிவான ஹாஃப்னர் பேஸ் இந்தக் குட்டை வகையைச் சேர்ந்ததே. எனவே அதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஐந்து தந்தி வாத்தியம் பார்வைக்குக் கம்பீரமானது. எனினும் கற்கத் தொடங்குபவர்க்கு நான்கே நிறைவு.

ஒலிபெருக்கி வாங்கும்போது பேஸ் கிதாருக்கென்றே அமைந்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கிதாரின் ஒலிபெருக்கியில் இதை உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கெட்டுவிடக்கூடும். தாழ்ந்த ஒலிகளை நம் காது மந்தமாகவே உணர்வதால் இதற்கு மின்திறன் மிகுதியாக வேண்டியிருக்கிறது. வீட்டுப் பயிற்சிக்கு 15 முதல் 30 வாட் போதும். முரசுகளோடு மேடை ஏறும்போது அதைப் போலப் பத்து மடங்கு தேவைப்படலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் ஹெட்போன் இணைக்கும் வசதி உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போவதில் வல்லது. மின் இணைப்பில் நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; உறுமல் குறையும், உயிருக்கும் பாதுகாப்பு.

இளைஞர்கள் கூடினால் எந்த மரம் உயர்ந்தது, எந்த நிறுவனம் சிறந்தது என்று விடிய விடிய வாதிடுவார்கள். அந்த வாதத்தில் இன்பம் உண்டு, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றை முதலில் அவர்கள் செய்து பார்க்கட்டும். ஒரே தந்தியைக் குதிரையின் அருகே மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும். தண்டியின் பக்கம் நகர்ந்து மீட்டினால் உருண்டு திரண்டு வரும். நான்கு விரற்கடைத் தூரம் செய்யும் மாற்றம், பல ஆயிரம் ரூபாய் வேறுபாடு செய்யும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கக் காணலாம்.

ஹைதராபாத்தில் வாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பருவநிலை. சென்னையில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் உண்டு. ஹைதராபாத்தோ கடலை விட்டு விலகி, தக்காணப் பீடபூமியில், ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. சென்னையில் வாங்கிய வாத்தியத்தைச் சித்திரை மாதத்தில் இங்கே கொண்டுவந்தால் மரம் உலர்ந்து சுருங்கும். தண்டியின் ஓரத்தில் மெட்டுகளின் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஆனி, ஆடியில் மழை வந்ததும் மரம் மீண்டும் உப்பும். ஆண்டுக்கு இரு முறை தண்டியைச் சோதித்துக்கொள்வது இதனால்தான். கோடையில் நாம் நாடும் காற்றுக் குளிர்விப்பானின் எதிரே வாத்தியத்தை வைக்காதீர்கள். அது வீசுவது ஈரக்காற்று, தந்தி துருப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவிடக் கூடாது. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வைப்பது நலம்.

மகனின் கதையை முடித்துவிடுகிறேன். செப்பனிட்ட வாத்தியத்தை அவன் அறையில் வைத்து, “பிழை என்னுடையது” என்று சொன்னேன். ஒரு வாரம் தொடவில்லை. பிறகு தொட்டான். அவனுடைய தோழர்கள் தெலுங்கர்கள். 1983-இல் வெளிவந்த சாகர சங்கமத்தின் பாடல்களை அவர்கள் வாசிக்கப் பழகினார்கள். ஒரு மாலை அவன் என்னிடம் வந்து, “அப்பா, இந்தப் படம் தமிழிலும் இருக்கிறதாமே?” என்று கேட்டான். சலங்கை ஒலி என்று பெயரைச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து கேட்டோம். இத்தனை ஆண்டுகளாக நான் குரலை மட்டுமே கேட்டிருந்தேன். கீழே நடந்துகொண்டிருந்ததை அவன் விரலால் மேசையில் தட்டிக் காட்டினான். மேலே இருந்த சொற்களுக்கு நான் பொருள் சொன்னேன்.

நேயர்களும் இன்றிரவு உங்களுக்குப் பழக்கமான பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, குரலைச் சற்றே மறந்து, அதன் அடியில் நடப்பதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் இந்த வாத்தியத்தைக் கேட்டால், வாங்கித் தருவதா வேண்டாமா என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. வாங்குவதானால், முதலில் தண்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிடுங்கள்.