புகை போகும் வழி

மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பெட்ரோல் உள்ளே செல்லும் வழியைப் பற்றியே மிகுதியும் பேசுவர். எரிந்த புகை வெளியேறும் வழியை நினைப்பவர் சிலரே. உண்டது செரித்துக் கழிந்தாலன்றோ மறுவேளைக்குப் பசி எடுக்கும்? எஞ்சினுக்கும் அதுவே நியதி. இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், நண்பர் ஒருவருடைய பழைய வண்டிக்குப் புதிய புகைக்குழாய் பொருத்தப் போய், ஒரு பிழை செய்து இவ்வுண்மையைக் கற்றேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வண்டியின் பெயர் எம்.ஜி.பி. ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவானது. இவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள்; கொள்ளளவு 1,798 கன சென்டிமீட்டர். நான்கு சிலிண்டர்கள் இருந்தும் புகை வெளியேறும் வாயில்கள் மூன்றே. முதலாவதற்கும் நான்காவதற்கும் தனித்தனி வாயில். நடுவிலுள்ள இரண்டும் மூன்றும் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

பங்காளிகள் மோதிக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். மாட்டார்கள். சிலிண்டர்கள் வெடிக்கும் முறை 1, 3, 4, 2 என்பது. ஆகவே மூன்றாவது புகைவிட்டு, எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே இரண்டாவதன் முறை வரும்.

ஆலையார் பொருத்திய கிளைக்குழாய் வார்ப்பிரும்பால் ஆனது. அதற்குப் பதிலாகப் பிறர் செய்து விற்கும் எஃகுக் குழாய்த் தொகுதியை ‘ஹெடர்’ என்பர். அதனால் என்ன பயன்? வால்வு திறந்ததும் அழுத்தம் மிகுந்த புகை, அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தை அடைந்ததும், அழுத்தம் குறைந்த அலையொன்று எதிரொலிபோலத் திரும்பி வருகிறது. புகை வால்வு மூடுமுன், புதுக்கலவை வால்வும் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை இழுத்துப் புதுக்கலவையையும் உள்ளே அழைக்கும். நேரம் தவறாமல் அது வந்து சேரும்படி குழாயின் நீளத்தை வகுப்பதே ஹெடர் செய்வோரின் கலை. புல்லாங்குழலில் நீளம் சுருதியை நிர்ணயிப்பது போன்றதே இது. எல்லா வேகத்திலும் நேரம் பொருந்தாது. குறிப்பிட்ட வேகங்களிலேயே பலன் தெரியும்.

வேலையைத் தொடங்கினோம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அவசரப்பட்டு முறுக்கினால் திருகாணி எஞ்சின் தலையிலேயே ஒடிந்து நின்றுவிடும். பழைய குழாயை எடுத்து, முகப்பைச் சுரண்டித் துடைத்து, புதிய காஸ்கெட் வைத்து, ஹெடரைப் பூட்டினேன். எஞ்சினைக் கிளப்பியதும் ‘டிக், டிக்’ என்றோர் ஓசை. நட்டுகளை இன்னும் முறுக்கினேன். ஓசை நிற்கவில்லை.

அண்டை வீட்டிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். நட்டுகளை அவர் தொடவே இல்லை; அளவுகோலைக் கேட்டு வாங்கினார். இந்த எஞ்சினில் கலவை புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் உள்ளன. சில இடங்களில் ஒரே நட்டும் அதன் கீழுள்ள தடித்த வாஷரும் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பழைய குழாயின் விளிம்பும் அதன் அண்டை விளிம்பும் ஒரே கனமுடையவை. ஹெடரின் விளிம்போ ஒரு மில்லிமீட்டர் மெல்லியது! வாஷர் தடித்த விளிம்பின்மேல் சாய்ந்து நின்றது. மெல்லிய விளிம்பைச் சரியாக அழுத்தவில்லை. நான் முறுக்கிய முறுக்கெல்லாம் அண்டை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

“கசிவு சிறிதுதானே?” என்றேன். அவர் முகம் கடுமையாயிற்று. புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருக்கைப் பகுதிக்குள் அது புகுந்தால், ஓட்டுபவர் அறியாமலே மயங்கிவிடக்கூடும். எனக்கு வியர்த்துவிட்டது. அன்று மாலை நண்பர் தம் சிறுமகளை அந்த வண்டியில் அழைத்துச் செல்வதாக இருந்தார்.

பெரியவர் ஒவ்வொரு வாஷரிலும் தடித்த விளிம்பின்மேல் அமரும் பாதியை ஒரு மில்லிமீட்டர் இழைத்துப் படியாக்கினார். மீண்டும் பூட்டினோம், எஞ்சின் சூடேறி ஆறிய பின் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். ஓசை அடங்கிற்று. கார்புரேட்டர்கள் இரண்டிலும் கலவையைச் சரிபார்த்தோம்.

ஆலையார் தந்த வார்ப்புக்குழாயும் மோசமானதன்று. ஆதலால் கிடைத்த ஆதாயம் சிறிதே. நான் பெற்ற பாடமோ பெரிது. புதுப்பொருளை வாங்கும்போது அதன் குணத்தை மட்டும் பார்த்தல் போதாது. பக்கத்தில் அமரும் பழம்பொருளோடு அது பொருந்துமா என்றும் அளந்து பார்க்க வேண்டும். இன்றும் ஒரு நட்டு இறுகாவிட்டால், என் கை முதலில் அளவுகோலைத்தான் தேடுகிறது.