கயிற்றில் தொங்கிய சித்திரக்கதைகள்

சித்திரக்கதைகளை இலக்கியத்தோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்கும் நேயர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் இன்று இறங்கப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு விடயம். ஒரு சித்திரக்கதைப் புத்தகம் அச்சகத்திலிருந்து வாசகனின் கைக்கு எந்த வழியால் வந்து சேருகிறது என்பதும், அந்த வழி மாறும்போது வாசகனும் மாறிப்போகிறான் என்பதுமே அது. எழுத்தாளனைப் பற்றிப் பேசுகிறோம், ஓவியனைப் பற்றிப் பேசுகிறோம். நடுவில் நிற்கும் கடைக்காரரை நாம் கவனிப்பதே இல்லை.

தமிழில் சித்திரக்கதை என்றதும் சிவகாசிதான் முதலில் நினைவுக்கு வரும். 1972இல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரித்தானியச் சிறுவர் வார இதழொன்றுக்காக ஸ்பானிய ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ வரைந்த கதாநாயகன், தமிழ் பேசத் தொடங்கியதும் நம்மவராகவே ஆகிவிட்டார். பின்னர் 1984இல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும், சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் ஒரே ஆண்டில் பிறந்தன. ராணி காமிக்ஸுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. நாளிதழ் போகும் பெட்டிக்கடைக்கெல்லாம் அதுவும் போகும்.

எமது நாட்டில் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கு அது வாய்ப்பாக அமைந்தது என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள், இருக்கலாம். ஆனால், மாயாவியைத் தேடிய பிள்ளைகளிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. 1977க்குப் பின் கதவு திறந்தது. கொழும்பு செட்டியார் தெருவுக்கு வந்த கட்டுகள் பஸ்ஸிலும் ரயிலிலும் வெளியூர்களுக்குப் பிரிந்து போயின.

எங்கள் பாலாவி, கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிப் பாதை பிரியும் சந்தி. உப்பளம் உண்டு, சீமெந்துத் தொழிற்சாலை உண்டு, ரயில் நிலையமும் உண்டு. புத்தகக்கடை மட்டும் இருந்ததில்லை. புத்தகம் வேண்டுமென்றால் புத்தளம் நகருக்குப் போக வேண்டும். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பேப்பர் கடையில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றிலே, துணி உலர்த்துவது போல, கிளிப் மாட்டிச் சித்திரக்கதைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்க வந்தவனும் பார்ப்பான், பஸ்ஸுக்கு நிற்பவனும் பார்ப்பான். வெயிலில் அட்டை வெளுத்துப்போன இதழை, "அரை விலைக்குக் கொண்டு போ மகன்" என்று கடைக்கார நானா தந்துவிடுவார். என்னைப் போன்ற பலர் வாசகரானது அந்த அரை விலையில்தான்.

அந்தப் புத்தகங்கள் எவ்வளவு தூரம் போயின என்பதை நான் கண்டது 1990க்குப் பிறகு. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், பல்லாயிரக்கணக்கில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் எங்கள் பகுதிக்கும் வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது. பாடப் புத்தகமே இல்லாத அந்த முகாம்களில், அட்டை கிழிந்த ஒரு ராணி காமிக்ஸை ஒரு பையன் உரக்க வாசிக்க, ஏழெட்டுப் பேர் தோளுக்கு மேலால் படம் பார்ப்பார்கள். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகமென்றால் முடிவை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அந்த ஒரு பிரதிக்குக் கிடைத்த விலை ஒருமுறைதான், வாசகர்கள் எத்தனை பேரென்று எந்தப் பதிப்பகத்தின் கணக்கிலும் ஏறியிருக்காது.

பெட்டிக்கடை வியாபாரத்தின் சூட்சுமம் ஒன்றை இங்கே விளக்க வேண்டும். பேப்பர் கடைக்காரர் புத்தகத்தை வாங்குவதில்லை, பொறுப்பேற்கிறார். விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பி அனுப்பலாம். நட்டம் பதிப்பாளருடையது. அமெரிக்காவிலும் இதுதான் நடைமுறை. அங்கே விற்காத இதழின் அட்டையிலுள்ள தலைப்புத் துண்டை மட்டும் கிழித்தனுப்பினால் போதுமென்றிருந்த காலம் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் பில் சியூலிங் என்ற நியூயோர்க் ஆசிரியர் ஒரு மாற்று வழி சொன்னார். கூடுதல் கழிவு தாருங்கள், விற்காததைத் திருப்பமாட்டோம் என்பதே அவரது பேரம். அதிலிருந்துதான் அங்கே சித்திரக்கதைக்கென்றே தனிக்கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. தனியொருவர் நடத்தும் சிறு கடைகள். விற்காதது கடைக்காரரின் தலையில் விழும் என்பதால், அவர் தன் வாடிக்கையாளரை ஒவ்வொருவராக அறிந்திருக்க வேண்டும். யார் எதை வாசிப்பார் என்று தெரியாதவர் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் விநியோகஸ்தர்களுக்கிடையே நடந்த போட்டியின் முடிவில், டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் பெரும்பாலான விநியோகம் போய்விட்டது. 2020இல் டிசி விலகியது, அடுத்த ஆண்டு மார்வலும் வேறு விநியோகஸ்தரைத் தேடிக்கொண்டது. 2025 ஜனவரியில் டயமண்ட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. அதை நம்பியிருந்த சிறு கடைகள் சரக்குக்கு வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. ஒரே கிணற்றில் ஊர் முழுக்கத் தண்ணீர் அள்ளினால், கிணறு வற்றும்போது ஊரே தவிக்கும்.

தமிழ்நாட்டில் தனிக்கடை என்ற கட்டம் பெரிதாக வரவேயில்லை. பெட்டிக்கடையிலிருந்து நேரே சந்தாவுக்கும் இணையத்துக்கும் தாவிவிட்டார்கள். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் தட்டுத்தடுமாறி, 2012 ஜனவரியில் நூறு ரூபா விலையில் ஒரு சிறப்பிதழோடு திரும்பி வந்தன. வழுவழுப்பான தாள், வண்ணப் பக்கங்கள். அந்த விலைப் புத்தகத்தை எந்தப் பெட்டிக்கடையின் கயிறு தாங்கும்? திருப்பி வரும் பிரதிகளைப் பதிப்பகம்தான் தாங்குமா? ஆகவே முற்பணம் கட்டும் சந்தாதாரர், இணையவழிக் கட்டளை, புத்தகக் கண்காட்சி என்று வழியை மாற்றினார்கள். 2015இல் வந்த 'மின்னும் மரணம்', கேப்டன் டைகர் கதைகளின் பருத்த தொகுதி, முன்பதிவை நம்பியே அச்சேறியது. கேட்டவருக்கு மட்டுமே அச்சிடுவது என்பது நட்டமில்லாத வழி. அந்த முடிவை நான் குறைகூறமாட்டேன். அப்படிச் செய்திராவிட்டால் தமிழ்ச் சித்திரக்கதை அன்றே அடங்கிப்போயிருக்கும் என்பதே என் எண்ணம்.

ஆனால், கேட்பவன் யார்? ஏற்கெனவே தெரிந்தவன்தான் கேட்பான். நாற்பதையும் ஐம்பதையும் தாண்டியவர்கள், தாம் பையனாக வாசித்த டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் நல்ல தாளில் மீண்டும் வாங்குகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மாயாவி என்றொருவர் இருப்பதே தெரியாது. தெரியாததை அது எந்தப் பெயரிட்டு இணையத்தில் தேடும்? கயிறு செய்த வேலை அதுதான். கேளாதவனுக்கும் காட்டியது.

பாலாவியிலிருந்து பார்த்தால் இணையவழி விற்பனைக்கு இரண்டு முகம். ஒரு நல்ல முகம் உண்டு, மறுக்கமாட்டேன். முன்பு ஒரு தொடரின் முதல் பாகம் கிடைத்தால் இரண்டாம் பாகம் கிடைக்காது. கடைக்காரருக்கு எந்தக் கட்டு வந்ததோ அதுதான் நமது விதி. இன்று பட்டியல் முழுவதும் கண்முன் இருக்கிறது. மற்ற முகம் காசு. கடன் அட்டை வேண்டும், இந்தியாவிலிருந்து தபாற்செலவு வேண்டும், சில வேளை அது புத்தக விலையோடு போட்டிபோடும். 2022க்கு முன் இந்திய நூறு ரூபா நமக்கு முந்நூறுக்குள் அடங்கியது. அந்த ஆண்டு நெருக்கடியில் நானூறைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச் மாதம் தாள் தட்டுப்பாட்டால் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், ஐலண்ட், திவயின பத்திரிகைகள் அச்சை நிறுத்தியதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் சித்திரக்கதைக்குக் கட்டளை அனுப்புவதாகச் சொன்னால் வீட்டிலே என்ன பேச்சு விழுந்திருக்கும்!

தாளே வேண்டாம், கைபேசியில் வாசித்தாலென்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வாங்குவது புத்தகமா, வாசிக்கும் அனுமதியா என்று பார்க்க வேண்டும். கொமிக்ஸோலொஜி என்ற இணைய விற்பனையகத்தை 2014இல் அமேசன் வாங்கியது. 2023 இறுதியில் அதன் தனிச் செயலி மூடப்பட்டு, வாசகர்கள் கிண்டிலுக்கு மாற்றப்பட்டார்கள். கடை இடம் மாறினால் வாசகனின் அலுமாரியும் கூடவே இடம் மாறுகிறது. அன்றி, அந்தப் பிரதியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப முடியாது. கொட்டிலில் ஒரு பிரதியை எட்டுப் பேர் வாசித்த கணக்கு அங்கே செல்லாது.

கொழும்புக்குப் போய்வருபவரிடம் சொல்லி நாலு பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பிப்பது எங்களின் இப்போதைய வழி. தபாற்செலவு நாலாகப் பிரியும். வாசித்து முடித்த சிலவற்றைச் சந்தியிலுள்ள கொப்பி, பேனை விற்கும் கடையில் தொங்கவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி இளைஞர், ராணி காமிக்ஸை வாழ்நாளில் கண்டவரல்லர். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளைகள் கைபேசியை விட்டுவிட்டு இதை எடுப்பார்களா என்று அவர் கேட்பாரென எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "விற்காவிட்டால் நீங்களே திருப்பி எடுப்பீர்களா நானா?" என்று.

எடுப்பேன் என்று சொல்லிக் கயிறு வாங்கக் காசு கொடுத்தேன்.