கேப்டன் 'நோ' என்றால் நோதான்!

'உல்லாசப் படகில் வேலை' என்று சொன்னால் போதும். இளநீர், கூலிங்கிளாஸ், நீலக் கடல் என்று ஒரு டூயட் பாட்டையே மனசுக்குள் ஓட்டிவிடுகிறார்கள். நான் அங்கே அதிகமாகப் பார்த்த வஸ்து, டீசல் ஃபில்டர்!

பிரான்சின் தென்கரையில், நைஸ் நகருக்கும் கான் நகருக்கும் நடுவே ஆன்டீப் என்று ஓர் ஊர். அதன் துறைமுகத்தில் பெரிய பெரிய மோட்டார் யாட்டுகள் நிற்கிற இடத்துக்குப் பெயரே 'கோடீஸ்வரர் துறை'. பெயர் அவர்களுக்கு, கழுவித் துடைக்கிற வேலை நமக்கு! அங்கே நின்ற ஒரு 45 மீட்டர் யாட்டில் நான் இரண்டாவது இன்ஜினீயர். சிப்பந்திகள் மொத்தம் 9 பேர்.

ஓர் ஏப்ரல் மாதம். யாட்டை ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள பால்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும். சுமார் 350 கடல் மைல். மணிக்கு 13 நாட், அதாவது 24 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 27 மணி நேரம். ஒரு முழு நாளும், மேலே ஒரு தமிழ் சினிமாவும்! திங்கள் இரவு கிளம்புவதாகத் திட்டம். புதன் காலை முதலாளி தன் விருந்தாளிகளோடு பால்மாவில் விமானத்திலிருந்து இறங்குகிறார்.

நடுவில் வந்தான் வில்லன். பெயர் மிஸ்ட்ரல்.

ஆல்ப்ஸ் மலைக்கும் மாஸிஃப் சென்ட்ரல் மலைமேட்டுக்கும் இடையே ரோன் நதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வடக்கேயிருந்து வருகிற குளிர்காற்று அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து, லயன் வளைகுடாவில் பாய்கிறது. சில சமயம் மணிக்கு 100 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் மழை கிடையாது, கருமேகம் கிடையாது. வானம் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று நீலமாக இருக்கும். கரையில் நிற்கிறவர், 'ஆஹா, என்ன ஒரு க்ளைமேட்!' என்பார். கடலில் இருக்கிறவர் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பார்!

பால்மா இருப்பது தென்மேற்கே. மிஸ்ட்ரல் வருவது வடமேற்கிலிருந்து. ஆக, அலை நேராகப் படகின் வலது விலாவில் வந்து அறையும். யாட்டின் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர்கள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், ஒரேயடியாக நிறுத்திவிடாது.

"ஆடினால் ஆடட்டுமே, இன்ஜின்தான் ஓடுகிறதே" என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். டீசல் டேங்க்கின் அடியில் கசடு படிந்திருக்கும். படகு குலுங்கும்போது அது கலங்கி மேலே வரும், ஃபில்டரை அடைக்கும். டீசல் போகாவிட்டால் இன்ஜின் நின்றுபோகும். எப்போது நிற்கும்? அலை ரொம்பப் பெரிதாக இருக்கிற நேரம் பார்த்துத்தான்! இன்ஜின் நின்ற யாட், மிதக்கிற கட்டை. திரும்பவும் முடியாது, தப்பவும் முடியாது.

திங்கள் மதியமே எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டோம். சோபாக்களுக்குக் கயிறு, டிவிக்குப் பட்டை, ஒயின் கிளாஸ்களுக்குத் தனித்தனி பெட்டி. சின்னப் படகைக் கராஜில் இறுக்கினோம். நான் புது ஃபில்டர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கினேன்.

மாலை வானிலை அறிக்கையைப் பார்த்த கேப்டன் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போகலை."

செவ்வாய் விடியற்காலை மிஸ்ட்ரல் ஆரம்பித்து, புதன் மாலை வரை வீசுமாம். முதலாளிக்கு போன் போட்டார். மறுமுனையில் குரல் உயர்ந்தது எங்களுக்கே கேட்டது. "பத்து விருந்தாளிகள் வர்றாங்க. நான் காசு கொடுத்து வாங்கின படகு அது!"

கேப்டன் குரலை உயர்த்தவே இல்லை. "படகு உங்களோடதுதான் சார். ஆனா நான் வியாழக்கிழமைதான் கிளம்புவேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆபீஸில் மேனேஜரிடம் 'லீவு வேணும்' என்று சொல்லவே நாலு நாள் ஒத்திகை பார்க்கிற பரம்பரை நாம். "வேலை போயிடாதா கேப்டன்?" என்று கேட்டேவிட்டேன்.

"போனா வேற வேலை. ஒன்பது பேரை எங்கே போய் வாங்கறது?" என்றார்.

அவர் தைரியத்துக்குச் சட்டமும் துணை. டைட்டானிக் 1912-ல் மூழ்கிய பிறகு, 1914-ல் பிறந்தது 'சோலாஸ்' என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம். இன்று நடைமுறையில் இருப்பது 1974-ல் செய்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் 34-1 என்று ஒரு விதி. உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கிற முடிவை, கப்பலின் சொந்தக்காரர் உள்பட யாருமே தடுக்கக் கூடாது என்கிறது அது.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்குள்ளேயே கயிறுகள் முறுகி அலறின. கட்டுக் கயிறுகளை இரட்டிப்பாக்கினோம். திங்கள் மாலையே கிளம்பிப்போன வேறொரு யாட், மதியம் திரும்பி வந்தது. சமையலறையில் முழுசாக ஒரு தட்டு மிச்சமில்லை. பரிமாறுகிற பெண் ஒருத்தியை மணிக்கட்டு உடைந்த நிலையில் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் யாரும் கேலி பேசவில்லை.

புதன் மாலை காற்று நின்றது. "கிளம்பலாமா?" என்று துள்ளினோம். கேப்டன் தலையை ஆட்டினார். "காத்து வீட்டுக்குப் போயிடுச்சு. அலை இன்னும் போகலை." காற்று ஓய்ந்தாலும் அது கிளப்பிவிட்ட அலை அடங்கப் பல மணி நேரம் ஆகும்.

வியாழன் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. மிச்ச அலையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சிப்பந்திகளின் படுக்கை எப்போதும் மூக்குப் பக்கம், அதிகமாகத் தூக்கிப் போடுகிற இடம். முதலாளியின் அறை நடுவில், ஆட்டம் குறைவான இடம். கடலிலும் அதே ஆபீஸ் சட்டம்தான்! சமையல்காரரே வாந்தியில் படுத்துவிட்டார். அன்றைய டின்னர், காய்ந்த ரொட்டியும் இஞ்சி பிஸ்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபில்டரில் அழுத்தம் ஏறியது. மாற்றினேன். இன்ஜின் நிற்கவில்லை. இதே வேலையைச் செவ்வாய்க்கிழமை அலையில் செய்திருக்க முடியுமா என்று யோசித்தபோது கை நடுங்கியது.

பெரிய படகு, விலை உயர்ந்த படகு என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது. 2024 ஆகஸ்ட் 19-ம் தேதி விடியற்காலை, சிசிலித் தீவின் கரையோரம் நங்கூரம் போட்டிருந்த 'பேய்ஷியன்' என்ற 56 மீட்டர் பாய்மர யாட் கடும் புயற்காற்றில் மூழ்கியது. அதில் இருந்த 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். கடலில் கிளம்பத் தெரிந்தவர்கள் ஏராளம். காத்திருக்கத் தெரிந்தவர்தான் கேப்டன்.

வெள்ளி காலை 9 மணி. பால்மா விரிகுடாவில் அந்தப் பழைய தேவாலயம் வெயிலில் பொன்னாக நின்றது. கரையில் முதலாளி. இரண்டு நாள் ஹோட்டல் பில் கட்டிய முகம்! ஏறி வந்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கேப்டனிடம் கேட்டார்: "எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவ்வளவுதான். வேலை போகவில்லை. அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கும்போது மட்டும் முதலாளி சேர்த்துச் சொன்னார்: "கேப்டன் சரின்னு சொன்னா!"

நம்ம ஆபீஸ்களுக்கும் ஒரு 34-1 போட்டால் தேவலை. ஆனால் ஒன்று, அதை வைத்துக்கொண்டு தினமும் "இன்னிக்கு வானிலை சரியில்ல சார்" என்று லீவு கேட்கப்படாது!