எறிந்த கை

பொகவந்தலாவையில் மாலை மணி மூன்றானால் மலைமுகட்டுப் பனி தேயிலைச் சரிவில் இறங்கத் தொடங்கிவிடும். அத்தகைய வேளையொன்றில், மாலை வகுப்பு மாணவர்க்குத் திருக்குறளின் ‘ஆள்வினை உடைமை’ அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஈட்டியெறிதலில் வல்லவனான லயத்து மாணவன் ஒருவன் எழுந்தான். தோள் பிசகியமையால் மாகாணப் போட்டியை இழந்தவன் அவன்.

“ஐயா, வருந்தி முயன்றும் தோற்றவனுக்கு இந்த அதிகாரத்தில் இடமுண்டா?” என்றான்.

உடனே விடையிறுக்க எனக்கு இயலவில்லை. அவனைப் போல ஈட்டியெறிந்த இருவரின் வரலாற்றைச் சொன்னேன்.

ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்போர் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் இளைஞர். ரிங்குவின் தந்தையார் லொறி ஓட்டுநர். ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராக ஓரறை வீட்டில் வளர்ந்தவர் ரிங்கு. நம் லயத்து அறைகளை அறிந்தவர்க்கு அவ்வீட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டில் ஜே. பி. பேர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க முகவர் இந்தியாவில் நடத்திய பந்தெறிப் போட்டியில் ரிங்கு முதலிடம் பெற்று 100,000 டொலர் பரிசு கொண்டார். தினேஷ் அவருக்கு அடுத்து நின்றார். பேஸ்போல் ஆட்டம் இருவருக்கும் புதிது. அமெரிக்கா சென்று ஆங்கிலத்தையும் ஆட்டத்தையும் ஒருங்கே கற்றனர். அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 யூலையில், அந்நாட்டுத் தொழில்முறைப் பேஸ்போலில் வெற்றி தம் பெயரில் பதிவான முதல் இந்தியரானார் ரிங்கு.

ஆயினும் அவ்வாட்டத்தில் ஒப்பந்தம் என்பது வாயிற்படியே. முதன்மைக் களத்துக்குக் கீழே படிநிலைகள் பல. ஏறத் தொடங்குவோருட் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுவர். ஈட்டியெறிபவன் ஒரு போட்டியில் ஆறு முறை எறிந்து அமைவான். பந்தெறிபவனோ அறுபதடி ஆறங்குலத் தொலைவுக்கு, ஓர் ஆட்டத்திலேயே பல பத்து முறை முழுவிசையுடன் எறிதல் வேண்டும். முழங்கைத் தசைநார் அதனைத் தாங்குவது அரிது.

தினேஷை 2010இல் கழகம் விடுவித்தது. அவர் தாயகம் திரும்பினார். ரிங்கு 2012இல் மேற்கு வேர்ஜினிய அணியில் நன்கு எறிந்தார். பின்னர் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது, காயங்கள் தொடர்ந்தன. 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார். முதன்மைக் களத்தை இருவருமே எட்டவில்லை. இவர்களைப் பற்றி 2014இல் வெளிவந்த ‘மில்லியன் டொலர் ஆர்ம்’ திரைப்படம், ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியோடு கதையை முடித்துக்கொண்டது.

“அப்படியானால் அவர்கள் முயலவில்லை என்பதா, ஐயா?”

வள்ளுவர் ‘ஊழ்’ என ஓரதிகாரமும் ‘ஆள்வினை உடைமை’ என ஓரதிகாரமும் வகுத்தார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தாரல்லர். இத்தனை ஆண்டுகளாக நான்தான் பின்னதை மட்டும் உரத்து ஓதி, தோற்ற பிள்ளைகளைச் சோம்பர் என்று எண்ணிவந்தேன். அதனை அவனிடம் ஒளிக்காமற் சொன்னேன்.

அவனுடைய ஈட்டி இப்பொழுது என் வகுப்பறை மூலையில் சார்த்தியிருக்கிறது. தோள் ஆறியதும் எடுத்துச் செல்லலாம்; அதுவரை நாள்தோறும் மாலை வகுப்புக்கு வரவேண்டும் என்பது எங்கள் உடன்பாடு. இதுவரை ஒருநாளும் அவன் தவறியதில்லை.