தேரை தென்னை மரம் ஏறுமா?

தேங்காயை உடைத்தால் உள்ளே பருப்பு இல்லை. உடனே "தேரை மோந்துவிட்டது" என்கிறோம். பெரிய காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் இதே பேச்சுதான். அந்தக் காய்க்குப் பெயரே தேரைக்காய். இந்தப் பழியால், வரப்போரம் கண்ணில் பட்ட தேரையும் அடிபட்டுச் சாகிறது.

மரம் ஏறும் தேரை ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அது வாழ்வது நம் தோப்புகளில் அல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில். உலகில் வேறெங்கும் அது கிடையாது. மலபார் மரத்தேரை எனப்படும் இதை 1870-களில் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் முதன்முதலில் விவரித்து எழுதினார்.

உடல் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். விரல் நுனிகள் அகன்று தட்டையாக இருப்பதால் இலையையும் கிளையையும் பற்றி ஏறுகிறது. மரப்பொந்துகளில் பதுங்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காட்டு ஓடைக்கு இறங்கி வந்து முட்டையிடும். மேலே நிழல் தரும் மரமும் கீழே சுத்தமான ஓடை நீரும் இரண்டுமே அதற்கு வேண்டும். காடு அழிந்து தோட்டமாகும் இடங்களில் அதன் வாழ்விடம் சுருங்கிவிடுகிறது.

நம் வயல் தேரைக்கு அந்த அகன்ற விரல் நுனி இல்லை. அது தரையில் வாழ்வது. தென்னை உச்சிக்கு ஏறிக் குரும்பையை மோந்து பார்க்க அதனால் முடியாது.

அப்படியானால் தேரைக்காய் ஏன் வருகிறது?

மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், சாம்பல் சத்து, போரான் பற்றாக்குறையும் காரணங்கள். வழக்கமான உரத்துடன் கூடுதலாக மரத்துக்கு 2 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ், 200 கிராம் போராக்ஸ் என 3 ஆண்டுகள் இட வேண்டும்.

தேரையோ இரவெல்லாம் வண்டு, கரையான், எறும்பு எனப் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. அதைத் தொட்டால் மரு வராது. கண்ணுக்குப் பின்னால் உள்ள புடைப்பில் நச்சுப் பால் இருப்பதால், தொட்டபின் கையைக் கழுவினால் போதும்.

தேரை தோல் வழியாகவே நீரை உறிஞ்சும். கறுப்பு மணி கோத்த நூல்போலக் குட்டையில் முட்டையிடும். அந்தக் குட்டையில் தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் கழுவினால் முட்டையும் தலைப்பிரட்டையும் அழிந்துபோகும். மலைத் தேரைக்கு ஓடை எப்படியோ, வயல் தேரைக்குக் குட்டை அப்படி. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரை நஞ்சில்லாமல் விட்டுவைத்தால் போதும், வயலில் பூச்சி பிடிக்கத் தேரை தானே வந்து சேரும்.